நிமிஷக் கஞ்சரும் பதினான்காம் நம்பர் பஸ்ஸும்

கஞ்சர்களில் இரண்டு வகை. பணத்தை இறுக்கிப் பிடிப்பவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும். நான் சொல்ல வருவது நிமிஷக் கஞ்சரை. இவரிடம் குடை கேளுங்கள், தருவார். காரையே கேளுங்கள், சாவியைத் தருவார். ஆனால் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தருவார்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? ரயில் மேடையில் எல்லோரும் நிழல் பார்த்து நிற்கும்போது, ஒருவர் மட்டும் வெயிலில், விளக்குக் கம்பத்துக்கு இரண்டடி தள்ளி, யாரோ சாக்கட்டியால் கோடு போட்டு நிறுத்தியதுபோல் நிற்பார். மூன்றாவது பெட்டியின் இரண்டாவது கதவு அங்கேதான் வந்து நிற்கும். அதில் ஏறினால், இறங்கும் நிலையத்தில் படிக்கட்டுக்கு நேர் எதிரே இறங்கலாம். நாற்பது விநாடி மிச்சம். அந்த நாற்பது விநாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? படிக்கட்டின் உச்சியில் நின்று, பின்னால் வரும் கூட்டத்தைத் திரும்பிப் பார்ப்பார்.

இவர் வீட்டுக்கு நீங்கள் விருந்தாளியாகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவைத் திறந்ததும் "வாங்க" என்று சொல்ல மாட்டார். "எந்த வழியா வந்தீங்க?" என்பார். நீங்கள் வெகுளியாக, "மெயின் ரோடு வழியாத்தான்" என்பீர்கள். அவர் முகம் விழுந்துவிடும். "அடடா! பாலத்துக்குக் கீழ புகுந்து, மரக்கடைக்குப் பக்கத்துல திரும்பியிருந்தா ஒன்பது நிமிஷம் முன்னாடியே வந்திருக்கலாமே!" அதுவரை நன்றாக இருந்த உங்கள் மாலைப்பொழுது, வாசலிலேயே செருப்போடு சேர்த்துக் கழற்றப்பட்டுவிடும். அந்த ஒன்பது நிமிஷத்தில் அப்படி எதைத் தவறவிட்டோம் என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் இருவருக்கும் மனசு சரியில்லை.

இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? கண்ணாடி பார்க்கும் பழக்கம் உண்டு.

நான் எடை மெஷின் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மெஷின் சொல்லும் எடை உண்மைதானா என்று சோதிப்பது என் பிரிவு; அங்கே லீவுக்குக் கையெழுத்துப் போடுவதும் நான்தான். வீட்டிலிருந்து தொழிற்சாலைக்குக் காரில் முப்பத்து நான்கு நிமிஷம். என்னைப் பொறுத்தவரை அது தூரம் இல்லை, கௌரவம். முப்பத்து மூன்று என்றால் நான் நல்லவள். முப்பத்தெட்டு என்றால், அன்று என் மேஜைக்கு வருகிற மெஷின் ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருக்கும்.

பிரிவில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர. வாசல் காவலாளி என் கார்க் கதவு சாத்தப்படும் சத்தத்தைக் கேட்டு மேலே செய்தி அனுப்புவாராம். மெதுவாகச் சாத்தினால் ஒரு விரல். லீவு விண்ணப்பங்களை எடுத்து வெளியே வைப்பார்கள். படார் என்றால் முழுக் கையையும் விரித்துக் காட்டுவார். எல்லாம் மறுபடி இழுப்பறைக்குள் போய்விடும். நான்கு வருஷம் நடந்திருக்கிறது இந்தத் தந்தி சேவை. நானோ, நம் பிரிவில் யாரும் லீவே கேட்பதில்லை, சில நாட்களில் மட்டும் திடீரென்று எல்லோரும் கேட்கிறார்கள், இதற்கு என்ன காரணம் என்று தனியாக ஒரு வரைபடம் போட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் தினமும் நடந்தே வருவார். நாற்பது நிமிஷம். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"பஸ்ல வந்தா பத்து நிமிஷம் சார். தினம் அரை மணி நேரம் வீணாப் போகுதே?"

"வீணா? காலைல வீட்ல சண்டை போட்டுட்டுத்தாம்மா கிளம்பறேன். பாதி வழி வந்தா எதுக்குச் சண்டைன்னு மறந்துபோகும். முழுசா நடந்தா தப்பு என் மேலதான்னு தெரிஞ்சிடும். பஸ்ல வந்தா இதுக்கெல்லாம் எங்க நேரம்?"

பாவம், இவருக்குக் கணக்கு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

இதுவரை சிரித்தது போதும். இந்தக் கஞ்சத்தனத்தை நான் என் அம்மாவிடமும் காட்டினேன். அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. அவளுக்கு நான் தருவதாகச் சொன்ன ஒரு மெதுவான பயணம் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று. சுற்று வழியில் போவது எனக்கு இதுவே முதல் தடவை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா என்னோடுதான் இருந்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் மருத்துவமனையில் ஊசி மருந்து ஏற்ற வேண்டும். ஒரு வாரம் நான் அழைத்துப்போவேன், மறுவாரம் தம்பி. இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கிறான். அவனிடம் கார் இல்லை. பதினான்காம் நம்பர் பஸ்ஸில் கூட்டிப்போவான்.

பதினான்காம் நம்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நேராகப் போகத் தெரியாத பஸ் அது. சந்தையைச் சுற்றும், இரண்டு பள்ளிக்கூடங்களை எட்டிப் பார்க்கும், ஒரு நூலகத்தின் முன்னால் யாரும் ஏறாவிட்டாலும் நின்று மூச்சு வாங்கும். ஐம்பத்து நான்கு நிமிஷம். என் காரில் முப்பத்தொன்று. இருபத்து மூன்று நிமிஷ வித்தியாசம், அதுவும் உடம்பு முடியாத ஒருத்திக்கு. தம்பி செய்வதைக் கொடுமை என்றே நினைத்தேன்.

என் செவ்வாய்க்கிழமைகளைப் பாருங்கள். முந்தின நாளே செல்லில் வழி பார்த்து வைத்திருப்பேன். செல்லுக்குள் இருக்கும் பெண் "இருநூறு மீட்டரில் வலப்பக்கம் திரும்பவும்" என்பாள். "உனக்கென்னடி தெரியும், அங்க குழி தோண்டியிருக்கான்" என்பேன். சிக்னல் சிவப்பானால் அது எனக்கென்றே விழுந்தது என்பேன். முன்னால் போகும் ஸ்கூட்டர்காரரின் பரம்பரையை விசாரிப்பேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவாள். சுகமாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யாராவது தூங்குவார்களா? எடை மெஷின் ஆயிரம் சோதித்திருக்கிறேன், இது தோன்றவில்லை.

மருத்துவமனையில் முதல் காரியம், ரத்த அழுத்தம் பார்ப்பது. அதிகம் இருந்தால் ஊசி கிடையாது. இறங்கும்வரை நாற்காலியில் காத்திருக்க வேண்டும்.

"நூத்தி அறுபத்தெட்டு" என்றாள் நர்ஸ். "உட்காருங்கம்மா. இறங்கட்டும்."

"மறுபடியுமா? நான் வர்ற வாரமெல்லாம் இப்படித்தான் ஆகுது" என்றேன்.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன் மேடம்."

அவள் குரலில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. என் கண் மெஷின் மேல் இருந்தது. "இதைக் கடைசியா எப்போ சரிபார்த்தீங்க?"

"போன வாரம் உங்க தம்பி வந்தப்போ நல்லாத்தான் காட்டுச்சு. நூத்தி முப்பத்தி நாலு."

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். நான் தொழில் தெரிந்தவள். ஒரு அளவு பிசகினால் முதலில் கருவியைச் சந்தேகி என்பதுதான் எங்களுக்குப் பால பாடம். அடுத்த என் முறைக்குள் புதிதாக ஒரு ரத்த அழுத்த மெஷின் வாங்கி, தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்து, பெட்டியில் பஞ்சு சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அன்று காரில் ஏறியதிலிருந்தே அம்மாவிடம், இன்றைக்கு அவர்கள் மெஷினின் வண்டவாளம் வெளியே வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

நர்ஸ் மெஷின்: நூற்று அறுபத்தாறு. என் மெஷின்: நூற்று அறுபத்தெட்டு.

"பார்த்தீங்களா, ரெண்டு வித்தியாசம்!" என்றேன். வெற்றிதான்.

 நர்ஸ் மெஷினின் பட்டையை அம்மா கையிலிருந்து உருவி என் கையில் சுற்றினாள். பட்டை உப்பியது. எண் நின்றது. நர்ஸ் அதை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நூத்தி எழுபத்தி ரெண்டு. அம்மா, நீங்க எழுந்திரிங்க. பெட் இவங்களுக்குத்தான் வேணும்."

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, இருமல் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்ததும் மறுபடி பார்த்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு. வழக்கமாக இருபத்தைந்து நிமிஷம் காத்திருப்போம். அன்று எட்டே நிமிஷம். நான் அந்த எட்டைக் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அட்டவணை போட்டேன். கார் முப்பத்தொன்று, காத்திருப்பு இருபத்தைந்து: ஐம்பத்தாறு. தம்பி பஸ் ஐம்பத்து நான்கு, காத்திருப்பு பூஜ்யம்: ஐம்பத்து நான்கு. இரண்டு நிமிஷம் நஷ்டம்! என்னை உலுக்கியது எது என்று நினைக்கிறீர்கள்? அம்மாவின் ரத்த அழுத்தமா? இல்லை. அந்த இரண்டு நிமிஷம்.

எங்கள் தொழிலில் ஒரு சின்ன விஷயம் உண்டு. பொருளை வைப்பதற்கு முன் தட்டின் எடையைக் கழித்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தட்டையும் சேர்த்து நிறுத்துவிடுவோம். நான் இத்தனை மாதம் தட்டை மட்டும் நிறுத்தேன். கழித்தது அம்மாவை.

இது இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது தெரிந்தது, பஸ்தான் லாபம் என்பது மட்டும். அடுத்த என் செவ்வாய்க்கிழமை, "அம்மா, இன்னைக்குப் பஸ்" என்றேன். அவள் முகத்தில் விளக்கு எரிந்தது. நல்ல புடவை எடுத்துக் கட்டினாள்.

ஆனால் யாருடன் போகிறாள்? பதினான்காம் நம்பரில் கடைசிவரை உட்கார்ந்திருப்பது முட்டாள்தனம் என்று முந்தின நாளே கண்டுபிடித்திருந்தேன். சந்தை முக்கில் இறங்கி, சாலையைக் கடந்து, இருபத்திரண்டாம் நம்பரைப் பிடித்தால் பதினொரு நிமிஷம் மிச்சம். இறங்க வசதியாகப் பின்கதவுக்குப் பக்கத்தில் நின்றோம். ஜன்னலோரம் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷத்துல இறங்கணும்மா, எதுக்கு உட்கார்ந்துக்கிட்டு?" என்றேன். சந்தை முக்கில் கையைப் பிடித்து இழுத்து ஓடினேன். இருபத்திரண்டு எங்கள் கண் முன்னே கிளம்பிப் போயிற்று. அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரத்தில், நாங்கள் இறங்கிய பதினான்காம் நம்பர், சந்தையைச் சுற்றிவிட்டு, ஆடி அசைந்து, எங்களைத் தாண்டிப் போனது.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "பஸ்ஸையும் கார் மாதிரியே ஓட்டறியேடி."

அன்று நூற்று எழுபது.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அடுத்த உன் முறைக்குப் பதினாலுல போலாம். ஏறின இடத்துல உட்கார்ந்து, இங்கதான் இறங்கணும். நடுவுல இறங்கக்கூடாது."

"சரிம்மா."

"மணி பார்க்கக்கூடாது."

"சரி."

"மனசுக்குள்ளயும் பார்க்கக்கூடாது."

"அது எப்படிம்மா உனக்குத் தெரியும்?"

"உன் கால் ஆடுமே."

வாக்குக் கொடுத்தேன். என் முறைக்கு இரண்டு வாரம் இருந்தது. தம்பிக்கு விஷயம் தெரிந்ததும், "எதுக்குக்கா ரெண்டு வாரம்? இந்தச் செவ்வாயும் நீயே போயேன். அம்மா ஆசையா இருக்கா" என்றான். யோசித்துப் பார்த்தேன். முறை மாறினால் என் அட்டவணை கலைந்துவிடும். "முறை முறையாவே இருக்கட்டும்டா" என்றேன்.

தம்பியின் செவ்வாய் வந்து போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு காலை, காபி தம்ளரை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிய அம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். என் முறைக்கு இரண்டு நாள் இருந்தது. நோய்க்கும் குறுக்கு வழி தெரிந்திருந்தது.

இனி நான் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. தம்பிக்குத் தெரியும், அவன் கூட இருந்தான்.

அமரர் ஊர்தியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அம்மாவோடு தம்பி. மெயின் ரோட்டில் கூட்டம். ஓட்டுநர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். தூரத்தில் சிக்னல் தெரிந்தது. என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, அதுவாகத் திறந்தது.

"அண்ணே, அடுத்த லெஃப்ட்ல திரும்புங்க. மரக்கடைப் பக்கமாப் போனா இந்தச் சிக்னலே வராது. ஏழு நிமிஷம் மிச்சம்."

 பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது. திட்டவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, யாருக்கு அவசரம்?"

ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மாவா?" என்றார். தலையாட்டினேன். "நாம மெயின் ரோட்லயே போலாம்மா" என்றார். சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அவர் உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் இருந்துதான் எடுத்தார். என் வாழ்க்கையில் பச்சை விழுந்தபின் நின்ற ஒரே சிக்னல் அது.

சில நாள் கழித்துத் தம்பியிடம் கேட்டேன். "பஸ்ல நீங்க ரெண்டு பேரும் அம்பத்தி நாலு நிமிஷம் என்னதான்டா செய்வீங்க?"

"உனக்குத் தெரியாதா? அம்மா கண்ணை மூடிக்குவா. பின்னால யாராவது பேசுவாங்க இல்ல, அந்தக் குரலை வச்சு ஆள் எப்படி இருப்பாங்கன்னு சொல்லுவா. குண்டா ஒல்லியா, மீசை இருக்கா, மூக்குத்தி இருக்கா. நான் திரும்பிப் பார்த்து மார்க் போடணும். இருபதுக்குப் பதினாறு எடுப்பா."

அம்மா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவள். முகமே பார்க்காமல் குரல்களோடு இருந்தவள். அந்தக் குரல்களுக்கெல்லாம் முகம் பார்க்க இப்போதுதான் நேரம் கிடைத்திருந்தது. என் காரிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தாள். அங்கே அவளுக்குக் கேட்டவை இரண்டே குரல்கள்: செல்லுக்குள் இருக்கும் பெண், அவளோடு சண்டை போடும் நான். ஒரு குரலுக்கு முகமே கிடையாது, இன்னொன்றின் முகம் தெரிந்ததுதான். விளையாட ஒன்றுமில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் பதினான்காம் நம்பரில்தான் வேலைக்குப் போகிறேன். மருத்துவமனையைத் தாண்டி மூன்றாவது நிறுத்தம் எங்கள் தொழிற்சாலை. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறேன். பின்னால் கரகரவென்று ஒரு குரல். எழுபது வயது, தடித்த உடம்பு, வழுக்கை என்று முடிவு செய்து திரும்பினால், ஜலதோஷம் பிடித்த கல்லூரி மாணவி. இருபதுக்கு மூன்று எடுக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் லீவு விண்ணப்பம் அதிகம் வருகிறது.

திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். போன வாரம் ஒரு புதிய ஓட்டுநர், நூலகத்தின் முன்னால் நிற்காமல், மருத்துவமனைக்கு நாற்பத்தொன்பதே நிமிஷத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்து நிமிஷத்தை எங்கே வைத்தீர்கள் என்று அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் மிரண்டுபோய், "சீக்கிரமாத்தானேம்மா வந்திருக்கோம்?" என்றார். கஞ்சத்தனம் போகவில்லை, பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

சரி, என்னை விடுங்கள். உங்கள் விஷயத்துக்கு வருவோம். படிக்க ஆரம்பிக்கும் முன் இது எத்தனை பக்கம் என்று புரட்டிப் பார்த்தீர்களா? நடுவில், இவள் இன்னும் விஷயத்துக்கு வரவில்லையே என்று இரண்டு பத்தியைத் தாண்டிக் குதித்தீர்களா? மரக்கடை வழி உங்களுக்கும் தெரியும் என்று ஒரு கணம் தோன்றியதா? இல்லையென்றால் சந்தோஷம்.

ஆனாலும் எதற்கும் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை காரை எடுத்து, ஒரு திருப்பத்தில் யாரையோ முந்தி, இரண்டு நிமிஷம் மிச்சம் என்று மனசு துள்ளும்போது, பக்கத்து இருக்கையை ஒரு தரம் பாருங்கள். அங்கே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். தூங்குகிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

முதலில் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.